ஏழு குடிக்கு ஏழு பின்னல்

கல்முனைப் பக்கத்தில் வேர்க்காத மாதம் என்று ஒன்றில்லை. மாரிமழை கொட்டும்போதும் சட்டைக்குள் புழுங்கும். அப்படியான ஊரில், கம்பளிச் சட்டை பின்னக் கற்றுக்கொடுக்கும் இங்கிலீசுப் புத்தகம் ஒன்றால் ஒரு பள்ளிவாசல் நிர்வாகமே ஆட்டம் கண்டது. ஐம்பத்தைந்தாம் ஆண்டு நடந்த கதை. அதில் சம்பந்தப்பட்ட பெரிய மனிதர்கள் யாரும் இதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். அவர்களுடைய மனைவிமாரைக் கேட்டால் சொல்வார்கள், சிரிப்பை அடக்க முடிந்தால் முழுவதும் சொல்வார்கள்.

புத்தகத்தின் சொந்தக்காரி அஸீஸா. வயது நாற்பதுக்குக் கிட்ட. வாப்பா கரைவலைக்காரர். வலை முடிகிற வீட்டில் பிறந்தவள் என்பதால் கண்ணி போடுவது அவளுடைய கை தானாகச் செய்யும் வேலை. கலியாணம் முடித்த பிறகு அந்தக் கையைத் தொப்பிக்குத் திருப்பினாள். மருதமுனை நெசவுக்காரரிடம் மிஞ்சுகிற பருத்தி நூலை வாங்கி, சைக்கிள் கம்பியை அறுத்து இரண்டு முனையையும் கல்லில் தேய்த்து ஊசியாக்கி, ஐந்து ஊசியில் வட்டமாகப் பின்னிக்கொண்டே போனால் தொழுகைத் தொப்பி வந்துவிடும். புருஷன் ஸைனுலாப்தீன் அதைக் கல்முனைச் சந்தையிலும் அக்கரைப்பற்று பஸ் நிற்கிற சந்தியிலும் விற்பார். நல்ல மனிதர், எதிர்த்துப் பேசத் தெரியாதவர். பின்சில்லில் ஐந்து கம்பி இல்லாத சைக்கிளில் பதினைந்து வருஷம் ஊர் சுற்றினார். ஒரு நாளும் முறைப்பட்டதில்லை.

தொப்பி சுற்றுவதற்குப் பழைய கடதாசி வேண்டும். அதற்காக ஒரு நாள் கல்முனைக் கடையொன்றில் ஒரு கட்டுக் கடதாசி வாங்கிவந்தார். கல்லோயா அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்காரத் துரைமார் ஊருக்குத் திரும்பும்போது கழித்துவிட்ட சாமான்களோடு வந்த கட்டு அது. நடுவில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம். அஸீஸா முதல் தாளைக் கிழிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்துக்குப் பக்கம் உள்ளங்கையளவு பின்னல் துண்டுகளின் படம். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் சின்னச் சின்னக் கட்டங்கள், சில வெள்ளை, சில கறுப்பு. அவளுக்கு இங்கிலீசில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் அந்தக் கட்டங்கள் என்னவென்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஒரு கட்டம் ஒரு கண்ணி. கண்ணி முகத்தைக் காட்டினால் வெள்ளை, முதுகைக் காட்டினால் கறுப்பு.

காரைதீவிலிருந்து பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தையல் படிப்பிக்க வருகிற சிவக்கொழுந்து ரீச்சர் அவளிடம் நூல் வாங்க வருவதுண்டு. ரீச்சர் புத்தகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இதை இங்கிலீசு தெரியாமல் பின்ன முடியாது என்று சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். இங்கிலீசை வாசிக்கிறபடி மேலே இடது மூலையிலிருந்து தொடங்கினார். ஒரு மணித்தியாலம் கழித்து வந்தது தலைகீழாகவும் பக்கம் மாறியும் வந்தது. அஸீஸா வலப்பக்கத்தில் கீழ் மூலையிலிருந்து தொடங்கினாள். ஓதுகிற கிதாபும் வலமிருந்துதானே போகிறது, வலையும் தொப்பியும் அடியிலிருந்துதானே வளர்கின்றன, வேறெப்படி வாசிப்பது என்பது அவள் எண்ணம். படத்தில் இருந்தது அச்சொட்டாகக் கையில் வந்தது. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி இன்னொரு தரம் துடைத்தார்.

அதற்குப் பிறகு ரீச்சரின் வேலை பின்னல்களின் பெயரை மட்டும் தமிழில் சொல்வது. கயிற்று முறுக்கு, ஏணி, தேன்கூடு, பூனைப்பாதம், மீன்முள் என்று நூற்றுக்கு மேலே இருந்தன. புத்தகம் எழுதிய வெள்ளைக்காரி அதையெல்லாம் சட்டைக்கும் சால்வைக்கும் எழுதியிருந்தாள். அஸீஸாவுக்கு வேண்டியது ஒரு தலையைச் சுற்றி நாலு விரல் அகலம். தொப்பிக்குத் தொண்ணூற்றாறு கண்ணி. எட்டுக் கண்ணிப் பின்னல் பன்னிரண்டு தரம் சுற்றி அளவாக முடியும். பதின்மூன்று கண்ணிப் பின்னல் ஏழு தரம் சுற்றி ஐந்து கண்ணி மிச்சம் வைக்கும், அந்த ஐந்தையும் பின்னுக்கு ஒரு வரம்பாக விட்டுவிடலாம். ஒரு பக்கத்துக் கரையை எடுத்து இன்னொரு பக்கத்து நடுவோடு சேர்ப்பாள், சரிவராவிட்டால் அவிழ்ப்பாள். அடுப்பில் கறி அடிப்பிடித்த நாட்கள் உண்டு. பதினைந்து வருஷமாக ஒரே வெறுந்தொப்பியைப் பின்னிச் சலித்துப்போனவளுக்கு அந்தப் புத்தகம் கொடுத்த சந்தோஷத்தை அவளுடைய கலியாணமும் கொடுக்கவில்லை. ஸைனுலாப்தீனுக்கும் அது தெரியும், அவர் அதற்கும் முறைப்படவில்லை.

பெயர்களைக் கேட்டதிலிருந்து அவளுக்கு ஒரு விளையாட்டுப் பிடித்துக்கொண்டது. யாராவது தொப்பி பின்னச் சொன்னால் ஆள் எப்படி என்று புருஷனிடம் விசாரிப்பாள். பிறகுதான் புத்தகத்தைத் திறப்பாள். பள்ளிவாசல் தலைவர் ஷரிபுதீன் மரைக்கார் ஒரு தொப்பி சொன்னார். யார் எந்த வழக்கைக் கொண்டுபோனாலும் அதில் இன்னும் இரண்டு முறுக்கு ஏற்றித் திருப்பிக் கொடுக்கிற மனிதர். அஸீஸா யோசிக்கவேயில்லை, கயிற்று முறுக்கைப் போட்டுக் கொடுத்தாள். மரைக்காருக்குப் பிடித்துப்போனது. தலையைச் சுற்றி ஆறு வடம் புடைத்து நிற்க, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். பின்வரிசைகளில் இருந்தவர்கள் குத்பாப் பிரசங்கத்தைக் கேட்டார்களோ இல்லையோ, தொப்பியைப் பார்த்தார்கள்.

இங்கே குடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எங்கள் கரையில் ஆளுடைய குடி தாய்வழியில் வருவது. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஆம்பிளை கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போனாலும் அவன் அவனுடைய உம்மாவின் குடிதான், அவனுக்குப் பிறக்கிறவர்கள் பெண்சாதியின் குடி. ஆகவே ஒரு வீட்டில் வாப்பா ஒரு குடி, மகன் இன்னொரு குடி. ஊரில் ஏழு குடி, குடிக்குத் தலைவராக ஒரு மரைக்கார். வெற்றிலை வட்டா முதலில் யாருக்கு நீளவேண்டும், கந்தூரிச் சோறு முதலில் யாருடைய சகன் தட்டில் விழவேண்டும் என்பதெல்லாம் குடி வரிசைப்படிதான். பள்ளிக்குப் புதிதாக வாங்கிய பெற்றோமக்ஸ் விளக்கை எந்தக் குடி இருக்கிற பக்கம் தொங்கவிடுவது என்ற வழக்கு எட்டு மாதம் இழுபட்டது. கடைசியில் தீர்ப்பு வரும்வரைக்கும் என்று முற்றத்தில் தொங்கவிட்டார்கள். உள்ளே எல்லாக் குடியும் ஒன்றுபோல இருட்டில் தொழுதது.

அடுத்த கிழமை ஷரிபுதீன் மரைக்காரின் ஆலடிக்குடி ஆட்கள் பதினெட்டுப் பேர் வந்து தங்களுக்கும் கயிற்று முறுக்கு வேண்டுமென்றார்கள். அதற்கடுத்த கிழமை ஓடக்கரைக்குடி மரைக்கார் அப்துல் கபூர் ஆள் அனுப்பி, ஆலடிக்குடிக்கு ஒன்று இருக்கிறதென்றால் எங்களுக்கு எது என்று கேட்டார். மனிதர் கிராமச் சங்கத்தில் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தார். அஸீஸா ஏணியைக் கொடுத்தாள். ஓடக்கரைக்குடி முழுக்க ஏணி ஆனது. மூன்று மாதத்தில் ஏழு குடிக்கும் ஏழு பின்னல். ஜும்ஆவில் பின்னால் நின்று பார்த்தால் முகம் தெரியாமலே எந்தத் தலை எந்தக் குடி என்று சொல்லலாம்.

வியாபாரம் கூடியது. ஸைனுலாப்தீன் சந்தைக்குப் போகாமல் வீட்டிலேயே ஓடர் எடுத்தார். அஸீஸாவுக்குத்தான் வாழ்க்கை கசந்துபோனது. வருகிறவன் ஆள் எப்படி என்று கேட்க இடமில்லை, குடியைச் சொன்னால் பின்னல் முடிந்தது. நாற்பது கயிறு, முப்பது ஏணி, திரும்ப நாற்பது கயிறு. புத்தகத்தில் இன்னும் நூறு பின்னல் அவளைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. ஒரு தரம் ஆசையை அடக்க முடியாமல் ஒரு ஆலடிக்குடிக்காரனுக்குத் தேன்கூடு போட்டுக் கொடுத்தாள். அவன் அழாக்குறையாகத் திருப்பிக் கொண்டுவந்தான். அதைப் போட்டுக்கொண்டு போனால் உம்மாவைப் பற்றி ஊர் என்ன கதைக்கும் என்று கேட்டான்.

இப்படியே போயிருந்தால் அவள் கயிறும் ஏணியுமாகவே கிழவியாகியிருப்பாள். ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் ஷரிபுதீன் மரைக்கார் வீட்டில் ஒரு பிழை நடந்தது. மரைக்காரின் பெண்சாதி சல்மா உம்மா ஓடக்கரைக்குடி. ஆகவே பெற்ற மூன்று மகன்மாரும் ஓடக்கரை, மூவருக்கும் ஏணித் தொப்பி. முதல் நாள் தோய்த்த நாலு தொப்பியும் ஒரே கொடியில் காய்ந்தன. தக்பீர் சத்தம் கேட்க, மரைக்கார் அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினார். மூத்த மகனுடைய தொப்பி. ஊர் முழுக்கத் திரண்டிருந்த பெருநாள் தொழுகையில் ஆலடிக்குடியின் தலைவர் ஏணியோடு முன்வரிசையில் நின்றார். தொழுது முடிந்து முஸாபஹா செய்யும்போது அப்துல் கபூர் மரைக்கார் அவருடைய கையை வழமையை விடக் கொஞ்சம் கூடுதலான நேரம் பிடித்திருந்து, நல்ல குடிக்கு வந்திருக்கிறீர்கள் என்றார்.

ஷரிபுதீன் மரைக்கார் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு மூன்று நாள் வெளியில் வரவில்லை. நாலாம் நாள் கூட்டம் போட்டார்.

கூட்டத்துக்கு முன்னரே தீர்மானம் எழுதியாயிற்று. ஏழு பின்னலும் இன்னின்ன குடிக்கு உரித்து என்று பள்ளிப் பதிவில் ஏற்றவேண்டும். மரைக்காரின் கையெழுத்துத் துண்டு இல்லாமல் அஸீஸா யாருக்கும் தொப்பி பின்னக்கூடாது. புத்தகத்தைப் பள்ளிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டவேண்டும், ஏனென்றால் மிச்சப் பின்னல்களை எடுத்து யாராவது எட்டாம் குடி ஒன்றைத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது. ஸைனுலாப்தீன் புத்தகத்தோடு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சேதி வந்த அன்று அஸீஸா சோறு தின்னவில்லை. தொழிலைக் கட்டுப்படுத்தினால் போகட்டும், வயிற்றுப்பாடு எப்படியும் கழியும். புத்தகம் போனால் தனக்கு என்ன மிஞ்சும்? புருஷனைத் தனியே அனுப்பினால் அவர் புத்தகத்தையும் கொடுத்து, அதைச் சுற்றிக் கொடுக்கக் கடதாசியும் கொடுத்துவிட்டு வருவார் என்று அவளுக்குத் தெரியும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தானும் புறப்பட்டாள்.

கூட்டம் பள்ளிக்குப் பக்கத்து மதரசாவில், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு. பொம்பிளைகளுக்கென்று ஒரு மூலையில் பன்பாய் கட்டி மறைத்திருந்தது. அங்கே ஏற்கெனவே சல்மா உம்மாவும் இன்னும் நாலைந்து மரைக்கார் வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பாய்க்கு அந்தப் பக்கம் ஏழு மரைக்கார்மாரும் தத்தம் குடித் தொப்பியோடு வரிசைப்படி இருந்தார்கள். வட்டா வரிசைப்படி நகர்ந்தது. கடைசி ஆள் கரைவாடிக்குடி மசூர் மரைக்கார், அஸீஸாவின் சொந்தக் குடி. ஏழிலும் கடைசிக் குடி அது. அவருக்கு இடம் செருப்புக் கழற்றுகிற வாசலடியில், வட்டா அவரிடம் போகும்போது அதில் பாக்கு மட்டும் இருக்கும். வயது எண்பது. எந்தக் கூட்டத்திலும் அவர் விழித்திருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

தீர்மானத்தை வாசித்தார்கள். சொல்ல ஏதும் உண்டா என்று ஸைனுலாப்தீனைக் கேட்டார்கள். அவர் எழுந்து நின்றார், தொண்டையைச் செருமினார், புத்தகத்தை நீட்டினார். மரைக்காரின் கை அதை வாங்க வந்த நேரத்தில் பாய்க்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"மரைக்கார், குடுக்கிறத்துக்கு முதல் எனக்கொரு விசயம் தெரியணும். பொறக்கிற புள்ள எந்தக் குடி?"

பெண் குரல் கேட்டுச் சபை கொஞ்சம் அசைந்தது. கேள்வி குடியைப் பற்றியதாக இருந்தபடியால் ஷரிபுதீன் மரைக்காரால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குடிச் சட்டத்தில் அவரை விஞ்ச ஆளில்லை.

"உம்மாட குடிதான். இது தெரியாதா உனக்கு?"

"வாப்பாதானே செலவழிக்கிற. சோறும் உடுப்பும் எல்லாம் அவர்ர காசு. அவர்ர குடியில சேராதா?"

"யார்ர காசெண்டா என்ன. பெத்தவட குடிதான் குடி. அதில மாத்தமே இல்ல, பதிவில கிடக்கு."

"அப்ப இந்தத் தொப்பிக்கு நூல் வாங்கக் காசு தந்தது நீங்க. உண்டாக்கினது நான், கரைவாடிக்குடி அஸீஸா. இப்ப உங்கட ஏழு பேர்ர தலையிலயும் இருக்கிறது எந்தக் குடி?"

பாய்க்கு இந்தப் பக்கம் சல்மா உம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். ஷரிபுதீன் மரைக்கார் அதற்கு ஒரு முறுக்கு ஏற்றப் பார்த்தார். பிள்ளை வேறு, தொப்பி வேறு என்று தொடங்கினார். அப்படியென்றால் தொப்பிக்குக் குடி இல்லையா என்று அப்துல் கபூர் மரைக்கார் கேட்டார். இல்லை என்றால் தீர்மானம் போய்விடும், உண்டு என்றால் தலை போய்விடும்.

வாசலடியில் மசூர் மரைக்கார் கண் விழித்தார்.

"புள்ள கேக்கிறது ஞாயம்தான்" என்றார். "ஏழும் நம்மட குடி. அப்ப அந்த வட்டாவ இஞ்சால முதல் அனுப்புங்க."

எண்பது வருஷத்தில் அவர் கேட்ட முதல் வெற்றிலை அது. ஷரிபுதீன் மரைக்காரின் கை மெல்லத் தலைக்குப் போனது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அடுத்தவரும் கழற்றினார். ஒருவர் பின் ஒருவராக ஆறு பேரும் கழற்றினார்கள், மசூர் மரைக்காருக்குக் கழற்றுவதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. ஊரின் பெரிய மண்டைகள் எல்லாவற்றையும் வெறுமையாக ஒரே இடத்தில் பார்த்த முதல் ஆள் பாயின் ஓட்டையால் பார்த்துக்கொண்டிருந்த அஸீஸாவாகத்தான் இருக்கவேண்டும். பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. ஆறு பேரும் தோள் சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். தீர்மானம் பாயிலேயே கிடந்தது. புத்தகம் ஸைனுலாப்தீனின் கையிலேயே இருந்தது.

அவளுக்கு வெற்றி என்று நினைக்கிறீர்கள். அவளும் ஒரு கிழமை அப்படித்தான் நினைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஷரிபுதீன் மரைக்காரிடமிருந்து ஆள் வந்தது. ஒரு தொப்பி வேண்டும், அதில் எந்தப் பின்னலும் இருக்கக்கூடாது, வெறுந்தொப்பி. பின்னல் இல்லாவிட்டால் யாரும் உரிமை கேட்கமுடியாது அல்லவா. மரைக்கார் வெறுந்தொப்பி போட்டதும் ஆலடிக்குடி முழுக்க வெறுந்தொப்பி கேட்டது. ஆலடிக்குடிக்குக் கொடுத்து எங்களுக்கு ஏன் இல்லை என்று ஓடக்கரைக்குடி கேட்டது. இரண்டு மாதத்தில் ஏழு குடியும் வெறுந்தொப்பிக்கு வந்துவிட்டன. கடைசியாகக் கழற்றியவர் மசூர் மரைக்கார். ஒருவருமே போடாத பின்னலைப் போட்டுக்கொண்டிருப்பது ஒரு மரியாதையா என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

புத்தகம் தப்பிவிட்டதே என்று ஸைனுலாப்தீன் ஆறுதல் சொன்னார்.

"புத்தகத்த வச்சி என்ன செய்ற, மச்சான்? போடுறதுக்கு எனக்கொரு தல வேணுமே" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பிள்ளைகுட்டி இல்லாத அந்த வீட்டில் அவள் அழுததை அவர் அதற்கு முன் ஒரு தரம்தான் பார்த்திருந்தார்.

அழுது முடிந்த பிறகு, மரைக்கார் இன்னுமொன்று வேண்டுமென்று சொல்லி ஊசியில் கிடந்த வெறுந்தொப்பியைக் கையில் எடுத்தாள். திருப்பினாள், உள்பக்கத்தைப் பார்த்தாள், திரும்ப வெளிப்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு தொப்பி முடிகிற இடத்தில் முடிக்காமல் கண்ணியை இன்னும் ஒரு தொப்பியளவு நீட்டினாள், நீட்டியதை உள்ளே மடித்து உச்சியில் தைத்தாள். வெளியே வெறும் பின்னல், உள்ளே இன்னொரு தொப்பி. அந்த உள் தொப்பிக்குப் புத்தகத்தைத் திறந்தாள். நடுப்பக்கத்தில் அவள் ஒரு நாளும் தொடாத பின்னல் ஒன்று இருந்தது. குமிழ் குமிழாக உப்பி நிற்கும், அமத்தினால் உள்ளே ஒன்றுமிராது. ரீச்சர் அதற்குச் சொன்ன பெயர் சோளப்பொரி.

இரட்டைத் தொப்பி கனமாக இருக்கிறது, மதிப்பாக இருக்கிறது என்று ஆம்பிளைகள் சொன்னார்கள். அந்தப் புழுக்கத்தில் இரண்டு தொப்பியை ஒன்றாகப் போட்டுக்கொண்டு வேர்வை வடிய வடிய மதிப்பாக இருந்தார்கள். ஒவ்வொரு தொப்பிக்கும் ஆள் எப்படி என்று விசாரித்து அஸீஸா உள்ளே ஒன்று போட்டாள். எந்த ஆம்பிளையும் தன் தொப்பியை உள்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த ஊரில் ஒருத்தனும் தன் தொப்பியைத் தானே தோய்த்தவனில்லை.

தோய்த்தவர்கள் திருப்பினார்கள். முதலில் கண்டது சல்மா உம்மா, கிணற்றடியில். அன்றைக்கே தொப்பியைச் சீலைக்குள் மறைத்துக்கொண்டு அஸீஸாவிடம் வந்து பெயர் கேட்டார். பெயரைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு தன் கூடப்பிறந்த மூத்த காக்காவுக்கும் ஒன்று வேண்டும், ஆள் எப்படியென்று நானே சொல்கிறேன், நீ புத்தகத்தைத் திற என்றார். அதிலிருந்து ஏழு குடிப் பெண்களும் வரத் தொடங்கினார்கள். ஓடர் கொடுக்க வந்தவர்கள் அசர் வரைக்கும் இருந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். நூறு பின்னலும் போதாமல் அஸீஸா தானே சிலதை உண்டாக்கவேண்டி வந்தது.

ஷரிபுதீன் மரைக்காருக்கு மட்டும் ஒரு கரைச்சல். சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தால் முன்தலையில் ஏதோ குமிழ் குமிழாக உறுத்தியது. ஒரு நாள் அதைப் பெண்சாதியிடம் சொன்னார். சல்மா உம்மா அவருடைய தலையைத் தடவிப் பார்த்து, ஊர்ப் பொறுப்பெல்லாம் ஒரே தலையில ஏத்தினா அப்படித்தான், யோசினை உள்ளுக்கிருந்து தள்ளுது என்றார். மரைக்கார் அதை நம்பினார். அடுத்த ஜும்ஆவில் பக்கத்தில் இருந்த அப்துல் கபூர் மரைக்காரிடம், உங்களுக்கு இப்படி உறுத்துவதில்லையா என்று கொஞ்சம் பெருமையாகவே கேட்டார்.